இடப்பக்கம் சாயும் கம்பி

ஜூன் 12, திங்கள்

இன்று காலை ஒன்பது நாற்பதுக்கு விமானம் நிறுத்தும் ஹாங்கரில் இருந்தவர்கள்: டெக்னீஷியன் பெனினா. ஸ்டோர் பீர்முகம்மது. பறக்கக் கற்றுக்கொடுக்கும் கேப்டன் சகாயராஜ். ஹெல்பர் தங்கபுஷ்பம், அதாவது நான். ஆகாயத்தில் இருந்தவள் ஹர்ஷிதா, தனியாக, லீமாவில். இருந்திருக்க வேண்டியவர் எங்கள் என்ஜினியர் நயினார் சார். மகள் கல்யாணத்துக்குத் தென்காசி போனவர் இன்னும் வரவில்லை. இவ்வளவு பேர்தான். நாளைக்கு எவராவது கூட்டியோ குறைத்தோ சொன்னால் இந்தப் பக்கத்தைக் காட்டுவேன்.

எங்கள் பறக்கும் பள்ளியில் மூன்று விமானங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பேர்தான் உட்காரலாம். வாலில் உள்ள கடைசி எழுத்தை வைத்துக் கிலோ, லீமா, பாப்பா என்று கூப்பிடுவோம். லீமா கிளம்பிப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. ரேடியோவில் ஹர்ஷிதா, "சார், ஆயில் பிரஷர் முள்ளு இறங்குது" என்றாள். கேப்டன் உட்கார்ந்திருந்த நாற்காலி பின்னால் விழுந்தது. "திரும்பு. உடனே திரும்பு. வேற எதையும் யோசிக்காத" என்றார். பெனினா வாசலுக்கு ஓடினாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

செம்மணல் தேரிக்காட்டுக்கு மேலே லீமா வந்தது. பின்னால் புகை. சக்கரம் தரையைத் தொட்டு ஓடும்போதே எஞ்சின் தானாக நின்றுவிட்டது. இன்னும் ஒரு நிமிடம் முன்னால் நின்றிருந்தால் என்று கேப்டன் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. வயிற்றுப்பக்கம் முழுக்க எண்ணெய். அதன்மேல் செம்மண் அப்பி, அறுத்த ஆடு போலக் கிடந்தது லீமா.

ஹர்ஷிதா இறங்கித் தார்மேல் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாள்.

கேப்டன் எஞ்சின் மூடியைத் திறந்தார். ஆயில் வடிக்கிற ட்ரெயின் போல்ட் பாதி அவிழ்ந்திருந்தது. அதைப் பிடித்திருக்க வேண்டிய கம்பி, தொய்ந்த கொடிக்கயிறு போல ஆடியது. எல்லோரும் பெனினாவைப் பார்த்தார்கள். நானும் பெனினாவைப் பார்த்தேன்.

ஜூன் 13, செவ்வாய்

அரிசிக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி இது. 1994 பிப்ரவரியில் இறக்கை முனை இடித்தபோது நான் சொன்னதை மாற்றி எழுதிக் கையெழுத்து வாங்கினான் கிளார்க் பொன்னையா. அன்றிலிருந்து ஏதாவது நடந்தால் எழுதிவைக்கிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. இடக்கையால் எழுதுகிறேன் என்று ஸ்கேலைத் திருப்பி முட்டியில் அடித்தாள் எஸ்தர் டீச்சர். பேனா வலக்கைக்குப் போயிற்று. மற்ற எல்லா வேலையும் இடக்கையில்தான். டீச்சர் செத்துப் பதினோரு வருடமாகிறது. நான் துட்டி கேட்கப் போகவில்லை.

வியாழக்கிழமை தலைமை ஆபீஸிலிருந்து விசாரிக்க ஒரு மேடம் வருகிறார். ஐம்பது மணி நேரம் பறந்ததும் செய்கிற சர்வீஸ் வேலையை லீமாவுக்குப் பார்த்தது எட்டாம் தேதி. அன்றைக்கு யார் யார் என்ன செய்தோம் என்று யோசித்து வைக்கச் சொன்னார் கேப்டன். எனக்கு யோசிக்க வேண்டியதில்லை.

ஏழு ஐம்பதுக்கு லீமாவைத் தள்ளிக்கொண்டு வந்தோம். எட்டேகாலுக்குப் பழைய ஆயிலை வடித்தோம். பத்தரைக்குப் பீர் வாங்கி வந்த டீயில் சர்க்கரை கூட. பன்னிரண்டு மணிக்குப் பெனினா ட்ரெயின் போல்ட்டை முறுக்கி லாக்வயர் போட்டாள். பிடித்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் போனேன். "பாட்டி, கைய எடுங்க. இது பந்தல் கட்டுற கம்பி இல்ல" என்றாள். அப்போது பன்னிரண்டு ஐந்து. பன்னிரண்டு ஐம்பதுக்கு, நயினார் சாருக்குப் பதிலாக மதுரையிலிருந்து வந்த என்ஜினியர் டார்ச் அடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவர் பெயரை நான் கேட்கவில்லை. ஒன்று பத்துக்கு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். இரண்டு மணிக்கு எஞ்சின் மூடியைப் பூட்டினோம். அன்று என் டிபன் பாக்ஸில் கத்திரிக்காய்ப் பொரியல்.

லாக்வயர் என்பது தையல் நூலைவிடக் கொஞ்சம் தடித்த எஃகுக் கம்பி. போல்ட்டின் தலையில் துளை இருக்கும். அதில் கோத்து, இரண்டு நுனியையும் சேர்த்து முறுக்கி, பக்கத்துத் துளையில் இழுத்துக் கட்டினால் எஞ்சின் எவ்வளவு அதிர்ந்தாலும் போல்ட் அவிழாது. அங்குலத்துக்கு எட்டு முறுக்கு. குறைந்தால் தொளதொளக்கும். கூடினால் கம்பி நொறுங்கும். மோட்டார் காயில் சுற்றுகிற கடையிலிருந்து இங்கே வந்தவள் நான். முப்பத்தாறு வருடம் இந்தக் கம்பியை விரலால் முறுக்கினேன். ஒன்றுகூட அவிழ்ந்ததில்லை.

ஜனவரியில் கம்பி முறுக்குகிற ட்விஸ்டர் வந்தது. பிளேயர் மாதிரிதான், கவ்வவிட்டு நடுக் குமிழை இழுத்தால் பம்பரமாகச் சுற்றும். இனி டெக்னீஷியன்தான், ட்விஸ்டரால்தான் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நயினார் சார் மட்டும், "இடுக்குக்குள்ள ஒங்க கைதாம் போவும் தங்கம்" என்று எனக்குச் சில இடங்களை விட்டுவைத்தார். கிலோவில் நாலு, பாப்பாவில் மூன்று.

சாயங்காலம் காப்பித் தம்ளரை அடுப்பிலிருந்து எடுத்ததும் மருமகள் செல்வராணி கத்தினாள். "அத்த, கொதிக்குது, கீழ வைங்க!" எனக்கு ஒன்றும் சுடவில்லை. இந்தக் காலத்துப் பெண்களுக்குத் தோல் மெல்லிசு.

ஜூன் 14, புதன்

நயினார் சார் வந்தார். கையில் கல்யாண லட்டு. அதை மேசையில் வைத்துவிட்டு நேராக லீமாவுக்கு அடியில் போய்ப் படுத்தார். டார்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் வெகுநேரம் நின்றது. எழுந்து வந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தங்கம், எட்டாந்தேதி லீமா பக்கம் போனியளா?"

"தொடைக்கத்தாம் போனேன் சார்."

"சரி" என்றார். லட்டு எனக்கு மட்டும் இரண்டு கொடுத்தார்.

ஜூன் 15, வியாழன்

ரேணுகா மேடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும், குரல் உயராது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். போனில் அந்தக் கம்பியின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

பெனினாவை ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தார். கதவு சாத்தவில்லை, ஹாங்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"நான் எட்டு எண்ணினேன் மேடம். ஸ்கேல் வச்சு எண்ணினேன்."

"படத்துல அஞ்சுதான் இருக்கு, பெனினா."

"எனக்க கம்பி மாதிரி இல்ல மேடம் அது."

"எப்படிச் சொல்றீங்க?"

"தெரியல்ல மேடம். பாத்தா எனக்க கம்பின்னு தோணல்ல."

"தாள்ல உங்க கையெழுத்துதானே இருக்கு? அதுக்கப்புறம் யாரும் தொட்டதா எழுதலையே?"

 ஆகஸ்டில் பெனினாவுக்கு லைசென்ஸ் பரீட்சை. ரிப்போர்ட்டில் அவள் பெயர் விழுந்தால் எழுத விடமாட்டார்கள். நாகர்கோவிலில் அவள் அம்மா முந்திரி உடைத்துப் படிக்கவைத்த பெண்.

என்னைக் கூப்பிட்டபோது ஐந்து நிமிடம்தான். "நீங்க எதையாவது பாத்தீங்களா அம்மா?" "பாக்கல மேடம்" என்றேன். அது பொய் இல்லை. அவர் கேட்டது பார்த்ததைத்தான்.

வெளியே வந்தால் பீர்முகம்மது நிற்கிறான். இருபது வருடமாக என் கையில் கம்பியை எடுத்துக் கொடுத்தவன்.

"யக்கா, அந்தப் படத்தப் பாத்தியளா?"

"பாத்தேன்."

"அந்த ட்விஸ்டர்ப் பம்பரம் ஒரே பக்கந்தான் சுத்தும். முறுக்கு வலப்பக்கம் சாயும். அதுல இடப்பக்கம்லா சாஞ்சிருக்கு."

"ஒனக்குக் கண்ணாடி மாத்தணும்ல பீரு."

"மாத்திட்டேன்க்கா. போன மாசந்தான் மாத்தினேன்" என்று சொல்லிவிட்டு ஸ்டோருக்குள் போய்விட்டான். வேறு யாரிடமும் சொல்லமாட்டான். ஆனால் என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டானே. அதையும் நான் மனசில் வைத்துக்கொள்வேன்.

ஜூன் 16, வெள்ளி

பேத்தி ரோஸ்லினுக்குக் காலையில் நான் போட்ட சடை இன்றும் பள்ளிக்கூடத்தில் அவிழ்ந்துவிட்டதாம். ரிப்பன் சரியில்லை.

ஜூன் 17, சனி

கிலோவையும் பாப்பாவையும் மேடம் பார்த்து முடித்துவிட்டார். எல்லாம் சரியாக இருக்கிறதாம். திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கிலோ பறக்கும். பறக்கப் போகிறவள் ஹர்ஷிதா. இன்னும் தள்ளிப்போட்டால் பயம் உறைந்துவிடும், இப்போதே ஏறினால்தான் போகும் என்று கேப்டன் சொன்னார்.

கிலோவில் என் கம்பி நாலு இடத்தில் இருக்கிறது. மே 22 அன்று போட்டது. நல்ல கம்பி. மேடமே பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார். அதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பெனினா கழிப்பறையில் அழுதாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாலும் சத்தம் வேறு மாதிரிதான் கேட்கும்.

ஜூன் 18, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். பிரசங்கத்தில் ஒரு வார்த்தை ஏறவில்லை. வந்து டிபன் பாக்ஸின் அடித்தட்டைத் திறந்தேன். பத்து நாளாக அதில் ஒரு துண்டுக் கம்பி கிடக்கிறது. ஹாங்கரில் வெட்டிய கம்பியைக் கழிவு டப்பாவில்தான் போடவேண்டும். இதைப் போடமுடியவில்லை.

ஸ்கேலை வைத்து எண்ணினேன். எட்டு. திருப்பி எண்ணினேன். எட்டு. ரோஸ்லினைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். "எட்டு ஆச்சி. என்னது இது, வெள்ளிச் சங்கிலியா?" என்றாள்.

எழுதிவிடுகிறேன். எட்டாம் தேதி ஒன்று பன்னிரண்டுக்கு ஹாங்கரில் நான் மட்டும் இருந்தேன். துடைக்கத்தான் போனேன். அவள் போட்ட கம்பி கண்ணில் பட்டது. எல்லா முறுக்கும் ஒரே அளவு, மிஷினில் ஓட்டிய தையல் மாதிரி. பந்தல் கட்டுகிற கம்பி என்று சொன்னாளே, அது காதிலேயே நின்றது. மார்ச்சில் அவள் முறுக்கு கூடிப்போய் ஒரு கம்பி நொறுங்கியது. இதுவும் அப்படித்தான் நொறுங்கும் என்று சொல்லிக்கொண்டே கட்டரை எடுத்து வெட்டினேன். புதுக்கம்பி கோத்து என் கையால் முறுக்கினேன். இறுக்கமாக இருந்தது. என் விரலுக்கு அப்படித்தான் தெரிந்தது. ஒன்று இருபத்தாறுக்குக் கை கழுவி உட்கார்ந்தேன். அந்தப் பொரியல் மாதிரி ருசியாக நான் என்றைக்கும் சாப்பிட்டதில்லை.

கையெழுத்துப் போட்ட என்ஜினியர் மறுபடி பார்க்கவில்லை. ஏன் பார்க்கப்போகிறார்.

நாளைக்குக் கிலோ பறக்கும்.

ஜூன் 19, திங்கள்

ஏழு மணிக்கே போய்விட்டேன். கிலோவின் மூடியைத் திறந்து டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பார்த்தேன். என் கம்பி நாலும் இறுக்கமாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும். லீமாவில் நடந்தது வேறு ஏதோ கோளாறு, கம்பியே மட்டக்கம்பி என்று அடித்துச் சொல்லிவிடலாம்.

முதல் கம்பி. வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இடம் மாறிவிட்டேன் போல என்று இரண்டாவதைப் பார்த்தேன். வலப்பக்கம். மூன்றாவது இடத்தில் ட்விஸ்டர் நுழையவே நுழையாது, கைதான் போகும். அதுவும் வலப்பக்கம், யாரோ வலக்கையால் முறுக்கியது. நாலாவதும்.

பாப்பாவுக்கு ஓடினேன். மூடியைத் திறக்கும்போது திருகு நழுவி விழுந்து உருண்டது. மூன்று இடம், மூன்றும் வலம். இரண்டு விமானத்திலும் தேடிவிட்டேன். நான் போட்ட கம்பி என்று ஒன்றுகூட இல்லை.

நான் திரும்பியபோது நயினார் சார் பின்னால் நின்றுகொண்டிருந்தார். டீ தம்ளர் கையில். என்ன தேடுகிறேன் என்று அவர் கேட்கவில்லை.

"எப்ப இருந்து சார்?"

"தங்கம், மொதல்ல ஒக்காருங்க."

"எப்ப இருந்துன்னு கேக்கேன்."

"அக்டோபர்ல இருந்து. கிலோவுல ஒங்க கம்பிய விரலால சுண்டிப் பாத்தேன். ஆடுச்சு. அடுத்ததும் ஆடுச்சு. ஒங்களுக்குச் சர்க்கரைல்லா, விரலு மரத்துப் போச்சு. ஒங்களுக்கே தெரியல."

"தெரியலன்னா சொல்லணும்லா?"

"எப்படிச் சொல்ல? முப்பத்தாறு வருசம் செஞ்ச கை. நீங்க சாயங்காலம் வீட்டுக்குப் போனப் பொறவு, நானே அறுத்துட்டுப் புதுசு போட்டுருவேன். ஆபீஸுக்கு எழுதி அந்த ட்விஸ்டர வரவச்சதும் நாந்தான். டெக்னீஷியன் மட்டுந்தாம்னு நோட்டீஸ் ஒட்டுனா நீங்களா விட்டுருவியன்னு நெனச்சேன். நீங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிய. மனசு கேக்கல, சரின்னு சில எடம் விட்டேன்."

எட்டு மாதம். ஒவ்வொரு சாயங்காலமும் நான் கேட்டைத் தாண்டும்வரை இவர் காத்திருந்திருக்கிறார். அப்புறம் நான் செய்ததை அறுத்து டப்பாவில் போட்டிருக்கிறார்.

"அப்ப லீமாவும் ஒங்களுக்குத் தெரியும்."

"பாத்ததும் தெரிஞ்சுட்டு. நாங் கல்யாணத்துல இருந்தேன், இல்லன்னா அன்னைக்கே மாத்திருப்பேன்." தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "மேடத்துக்கு இடம் வலம் பிடிபடல. நாளைக்கு ரிப்போர்ட் எழுதிட்டுப் போயிருவாவ. நாம ஒண்ணும் சொல்ல வேண்டாம். சொன்னா ஒரு ஹெல்பர் கையில கம்பியக் குடுத்தேன்னு என் லைசென்ஸ் போவும். ஒங்களுக்கும் வேல போவும். பெனினா சின்னவ. ஒரு வருசந்தான தள்ளிப் போவும், அடுத்த வருசம் எழுதிருவா."

"ஆகாயத்துல இருந்த பிள்ள என்னைய என்ன கேட்டான்னு தெரியுமா சார்?"

"தெரியாது."

குனிந்து, உருண்டுபோன திருகைத் தேடி எடுத்தேன்.

கிலோ ஒன்பது மணிக்குப் போய்ப் பத்தே காலுக்குச் சுத்தமாகத் திரும்பி வந்தது. வயிற்றுப்பக்கம் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. எல்லாம் நயினார் சார் போட்ட கம்பி.

இரவு சமைக்கும்போது இடக்கை விரல் நுனியைக் கத்தியால் லேசாக அழுத்தினேன். இரத்தம் வந்த பிறகுதான் தெரிந்தது.

ஜூன் 20, செவ்வாய்

மேடம் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். கேப்டன், பெனினா, பீர், நயினார் சார் எல்லோரும் இருந்தார்கள். நான் டிபன் பாக்ஸைத் திறந்து துண்டுக் கம்பியை மேசைமேல் வைத்தேன்.

"இதாம்மா பெனினா போட்ட கம்பி. எண்ணிக்கிடுங்க. எட்டு இருக்கும். படத்துல இருக்கது நாம் போட்டது. அவ சாப்பிடப் போன நேரத்துல இத வெட்டிட்டு அதப் போட்டேன். நாம் பீச்சாங்கைக்காரி. எங் கம்பி இடப்பக்கம் சாயும்."

மேடம் பையைக் கீழே வைத்தார். பிறகு பீரிடம் கம்பி கேட்டு வாங்கி, மேசைமேல் இரண்டு போல்ட்டை வைத்து, "இப்பப் போட்டுக் காட்டுங்க அம்மா" என்றார்.

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. இறுக்கி நுனியை மடக்கிவிட்டு, "பாருங்க" என்றேன். மேடம் பெனினாவைக் காட்டினார். அவள் ஸ்கேலை வைத்தாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. "அஞ்சு" என்றாள். நகத்தால் சுண்டினாள். கம்பி ஆடியது. எல்லோரும் பார்க்க ஆடியது. எனக்கு எட்டு என்றுதான் இருந்தது.

பெனினா ஸ்கேலைக் கீழே வைத்தாள். நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"ஒம்பது நாள் பாட்டி. ஒம்பது நாளா நான் எனக்க அம்மைக்கு போன் எடுக்கல்ல. என்ன சொல்லதுன்னு தெரியாம. நீங்க பக்கத்துல உக்காந்து சோறு தின்னீங்க."

"தின்னேன்" என்றேன்.

அவள் என்னை மன்னிக்க வேண்டாம். அவள் இடத்தில் நான் இருந்தால் சாகிறவரை மறக்கமாட்டேன். அந்த அளவுக்கு அவளும் என்னை மாதிரிதான்.

மேடம் நயினார் சாரைப் பார்த்து, இடுக்கு வேலையெல்லாம் இவர்களிடம் கொடுத்தது யார் என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. கடைசியில் அவரே, "நாந்தாம் மேடம்" என்றார்.

வெளியே ஹர்ஷிதா கிலோவின் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போனேன். "அன்னைக்குக் கேட்டல்லா, நீ ஒரு தப்பும் செய்யலம்மா. நாந்தாம் செஞ்சேன்" என்றேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. துணியைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு எட்டு பின்னால் போனாள்.

ஜூன் 24, சனி

வேலை போயிற்று. ஹாங்கர் சாவியையும் நீலச் சட்டை இரண்டையும் பீரிடம் கொடுத்தேன். கண்ணாடி விஷயத்தை விட்டுவிட்டேன் என்று அவனிடம் சொன்னேன். எந்தக் கண்ணாடி என்று கேட்டான். பெனினா பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டாளாம். ரோஸ்லினுக்கு இனி செல்வராணிதான் சடை போடுகிறாள். அவிழவில்லை.

சும்மா இருப்பதால் ஒவ்வொருவராக எடுத்துப் பார்க்கிறேன். எஸ்தர் டீச்சர், போகட்டும், அவளுக்கு அவள் படித்த புத்தகம் அப்படிச் சொல்லிக்கொடுத்தது. கிளார்க் பொன்னையாவும் போகட்டும். பந்தல் கம்பி என்றவளை என்றைக்கோ விட்டுவிட்டேன். மதுரை என்ஜினியரின் பெயர் இன்னும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

எட்டு மாதம், என் கம்பிதான் அந்தப் பிள்ளைகளை மேலே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். "தங்கம், ஒங்க விரல் போச்சு." நாலு வார்த்தை. அக்டோபரில் அதைச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், ஏசியிருப்பேன், ஒரு வருடம் பேசாமல் இருந்திருப்பேன். ஜூன் எட்டாம் தேதி கட்டரை எடுத்திருக்கமாட்டேன். நேற்று வீட்டுக்கு வந்து வாசலில் நின்றார். செல்வராணியிடம் நான் தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னேன். நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டுதான் திரும்பிப் போயிருப்பார். போகட்டும். எத்தனை தடவை வந்தாலும் அந்த ஒரு ஆளை மட்டும் நான் மன்னிப்பதாக இல்லை.

ஆறுமுகநயினார்.